பீட் சதுப்பில் முதல் கோடை: காற்று, செடி, நீர்மட்டம் மூன்றையும் சேர்த்து அளப்பது எப்படி

கனடாவின் ஒட்டாவா நகருக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் மெர் ப்ளூ என்ற பீட் சதுப்பு இருக்கிறது. பீட் என்பது முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த செடிப் படிவு. என் முதல் கள ஆய்வுக் கோடையை அங்கேதான் கழித்தேன். மே முதல் செப்டம்பர் வரை வாரம் தவறாமல் கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனையும் அளந்தேன். நீர்மட்டத்தை மட்டும் 60 மீட்டர் தள்ளி இருந்த ஒரே ஒரு குழாயில் பார்த்துக் குறித்தேன். செடிகளைக் கடைசி வாரத்தில் ஒரே நாளில் எழுதி முடித்தேன். குளிர்காலத்தில் கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. வாயுவைப் பிடிக்கும் பெட்டியை மேலே வைப்பதற்காகத் தரையில் பதித்த வளையங்களில், அருகருகே இருந்த இரண்டில் ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு மீத்தேன் விட்டிருந்தது. ஏன் என்று சொல்ல என்னிடம் எந்தத் தகவலும் இல்லை. அந்த வளையங்களுக்கு அடியில் தண்ணீர் எங்கே நின்றது, அந்த மாதத்தில் எந்தச் செடி எவ்வளவு பசுமையாக இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருக்க வேண்டியவன் நான்தான்.

இப்படி ஒரு திட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் முதல் கோடை அப்படிப் போகக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: தண்ணீர் ஒரு கோடு, செடி ஒரு குழாய்

மழைநீரை மட்டுமே நம்பி இருக்கும் சதுப்பு இது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பீட் சேரும். மேலே ஸ்பேக்னம் பாசி வளர்கிறது, கீழே அதுவே மக்காமல் தங்குகிறது. மக்காமல் இருக்கக் காரணம் தண்ணீர். நீர்மட்டத்துக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. அங்கே மட்குதல் மிக மெதுவாக நடக்கிறது, மீத்தேனும் உருவாகிறது. நீர்மட்டத்துக்கு மேலே ஆக்சிஜன் இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் கீழிருந்து ஏறி வரும் மீத்தேனைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடுகின்றன. ஆகவே தண்ணீர் இறங்கினால் மீத்தேனுக்கு இரண்டு பக்கமும் அடி: உருவாகும் இடம் குறைகிறது, தின்னப்படும் இடம் கூடுகிறது.

இத்தோடு முடிந்தால் நீர்மட்டக் குழாய் ஒன்றே போதும். செடிகள் வந்து கணக்கை மாற்றுகின்றன. பஞ்சுக் கோரையின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. வேர் நீர்மட்டத்துக்குக் கீழே போகிறது, மீத்தேன் அந்தக் காற்றறை வழியே ஏறி, மீத்தேன் தின்னிகள் இருக்கும் அடுக்கைத் தொடாமலே வெளியே வந்துவிடுகிறது. நம் ஊர் நெல்வயலில் நடப்பதும் இதேதான். நெல்தண்டு மீத்தேனை மேலே கொண்டுவரும் குழாய். வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் குறைவது தண்ணீர்க் கோடு இறங்குவதால். நெல் பார்த்து வளர்ந்தவருக்குப் பீட் சதுப்பு அவ்வளவு அந்நியமில்லை.

ஸ்பேக்னம் பாசியின் குணம் வேறு. அதற்கு வேரும் இல்லை, இலைத்துளையும் இல்லை. இறந்த வெற்று உயிரணுக்களில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, தன் உலர் எடையைப்போலப் பதினைந்து இருபது மடங்கு வரை. தண்ணீர் மிகுந்தால் நீர்ப்படலம் கார்பன் டை ஆக்சைடை உள்ளே விடாமல் தடுக்கும், ஒளிச்சேர்க்கை குறையும். தண்ணீர் வெகுவாக இறங்கினால் பாசியின் தலை வெளுத்து மொறுமொறுவென்று ஆகிவிடும், அப்போதும் குறையும். நடுவில்தான் நன்றாக வேலை செய்கிறது.

லெதர்லீஃப், லாப்ரடார் டீ போன்ற குறுஞ்செடிகள் மேடான திட்டுகளில் நிற்கும். அவற்றின் வேர் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கும், மீத்தேனுக்குக் குழாயாக இருக்காது. ஆண்டுக்கணக்கில் நீர்மட்டம் தாழ்ந்தே இருந்தால் இவை பெருகும். அதாவது தண்ணீர் உடனடியாகவும் மாற்றுகிறது, செடிகளை மாற்றுவதன் மூலம் மெதுவாகவும் மாற்றுகிறது. உங்கள் ஒரு கோடை அளவீட்டில் முதலாவதுதான் தெரியும். இரண்டாவதை வளையத்துக்கு வளையம் உள்ள வேறுபாட்டில் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "தண்ணீர் இறங்கினால் மட்குதல் கூடும், கார்பன் டை ஆக்சைடு கொட்டும்" என்று முன்முடிவோடு போகாதீர்கள். மெர் ப்ளூ பற்றி 2005இல் வெளிவந்த ஆய்வு, அங்கே மொத்தச் சுவாசம் (செடிகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு) பீட்டின் வெப்பநிலையோடுதான் ஒட்டிப் போகிறது, நீர்மட்டத்தோடு அல்ல என்று காட்டியது. நீர்மட்டம் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கும் சதுப்பில், அது இன்னும் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் புதிதாகக் காற்றுப் படுவது பழைய, எளிதில் மட்காத பீட். சுவாசத்தின் பெரும்பகுதி மேலடுக்கிலிருந்தும் செடிகளிலிருந்தும் வருகிறது. உங்கள் சதுப்பு எப்படிப்பட்டது என்று அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. ஆவணங்கள்: ஜனவரியிலேயே தொடங்குங்கள்

மே மாதம் அளக்க வேண்டும் என்றால் ஜனவரியில் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சதுப்பில் ஒரு குழாய் நடுவதற்கும் நில நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. மெர் ப்ளூ, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ளது, தேசியத் தலைநகர் ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. வேறு சதுப்பானால் வேறு நிர்வாகம். முதல் கேள்வியே "இந்த நிலம் யாருடையது" என்பதாக இருக்கட்டும்.

விண்ணப்பத்தோடு இவற்றைத் தயாராக வையுங்கள்: வரைபடம், ஒவ்வொரு வளையத்துக்கும் குழாய்க்கும் ஆயத்தொலைவு, மொத்த எண்ணிக்கை, எத்தனை பேர் எத்தனை நாள் நடப்பீர்கள், வேலை முடிந்ததும் எதை எப்போது பிடுங்குவீர்கள். செடியை வெட்டியோ பிடுங்கியோ பார்க்கும் சோதனை இருந்தால் அதைத் தனியாக, எத்தனை சதுர மீட்டர் என்று எழுதுங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திருத்தத்துக்கு மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் பக்கம் களப் பாதுகாப்புத் திட்டம், முதலுதவிச் சான்று, வண்டி ஓட்ட அனுமதி ஆகியவை வேண்டும். அளவுத்திருத்த வாயு உருளையை (கருவியைச் சரிபார்க்க, செறிவு தெரிந்த வாயு அடைத்த உருளை) வண்டியில் ஏற்றுவதற்கு ஆபத்தான பொருள் போக்குவரத்து விதிகள் உண்டு. பாதுகாப்பு அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்கள், புறப்படும் நாள் காலையில் கேட்காதீர்கள்.

வேறு நாட்டுக்குப் பீட் மாதிரி அனுப்பப் போகிறீர்களா? அது மண் என்றுதான் கருதப்படும். வாங்கும் ஆய்வகத்திடம் மண் இறக்குமதி அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, அதன் நகலைப் பெட்டிக்கு வெளியே ஒட்டுங்கள். என் முதல் பெட்டி அந்த நகல் இல்லாமல் சுங்கத்தில் நின்றுவிட்டது. குளிர்பதனத்தில் இருக்க வேண்டிய பீட் சாதாரண அறை வெப்பத்தில் கிடந்தது, பிறகு எதற்கும் பயன்படவில்லை. விமானத்தில் கருவி எடுத்துப் போனால், உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக முடியும். 100 வாட்மணிக்கு மேல் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், 160க்கு மேல் பயணி விமானத்தில் அனுமதி இல்லை.

3. செலவு: காசு எங்கே போகும்

மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் களத்திலேயே நொடிக்கு நொடி காட்டும் லேசர் பகுப்பாய்வி பல பத்தாயிரம் டாலர். அதை வாங்கச் சொல்லி உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அது எந்தெந்த வாரம் உங்கள் கையில் இருக்கும் என்பதை ஏப்ரலுக்குள் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒரே கருவிக்கு மூன்று மாணவர்கள் காத்திருப்பது சகஜம்.

பகுப்பாய்வி இல்லை என்றால் ஊசிக்குழாயில் உறிஞ்சி, மூடிய கண்ணாடிக் குப்பியில் அடைத்து, ஆய்வகத்தில் வாயு நிறப்பிரிகை (வாயுக்களைப் பிரித்து அளக்கும் முறை) செய்ய வேண்டும். கணக்குப் பாருங்கள்: 12 வளையம், ஒவ்வொன்றிலும் 5 மாதிரி, வாரம் ஒரு முறை, 20 வாரம். மொத்தம் 1,200 குப்பி. ஒரு மாதிரிக்கு 5 டாலர் என்று வைத்தாலே 6,000 டாலர் ஆகிறது. இந்தப் பெருக்கலைப் போடாமல் வாரம் இருமுறை அளக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நீர்மட்டக் குழாய், பலகை, வளையம் எல்லாம் சேர்ந்தும் இதில் ஒரு சிறு பங்குதான். மலிவான பகுதியில் சிக்கனம் பிடிப்பதுதான் பெரிய நஷ்டம். 12 வளையத்துக்கு 12 நீர்மட்டக் குழாய் போடுங்கள்.

4. இடம், பலகை, வளையம்

நான்கு வளையம் குறுஞ்செடி மேட்டில், நான்கு பஞ்சுக் கோரை நிற்கும் இடத்தில், நான்கு பாசி மட்டும் உள்ள பள்ளத்தில். புதியவருக்கு இதுவே நல்ல தொடக்கம். மெர் ப்ளூவில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 25 செமீதான். அந்த 25 செமீக்குள்தான் நீங்கள் தேடும் கதை முழுவதும் இருக்கிறது.

வளையத்துக்கு முன்னால் பலகை போடுங்கள். பலகை இல்லாமல் பீட்டில் கால் வைத்தால் அடியில் உள்ள வாயு பிதுங்கிக் குமிழாக வெளியேறும். நான் பகுப்பாய்வியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். 2 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கில்) இருந்த மீத்தேன் ஒரு நொடியில் 15க்குத் தாவியது. அது சதுப்பின் அளவு இல்லை, அவருடைய காலணியின் அளவு. முடிந்தால் நிலம் உறைந்திருக்கும்போதே பலகையைச் சுமந்து சென்று வைத்துவிடுங்கள். மேயில் சுமந்தால் முழங்கால் வரை புதையும்.

வளையத்தை அமுக்கி இறக்காதீர்கள். ரொட்டி வெட்டும் பல்கத்தியால் சுற்றிலும் அறுத்து, அந்தப் பிளவில் 10 முதல் 15 செமீ இறக்குங்கள். அறுக்கும்போது வேர்கள் அறுபடும். அறுபட்ட வேர் அழுகிக் கூடுதல் கார்பன் டை ஆக்சைடு தரும். அதனால் போன இலையுதிர் காலத்திலேயே வைத்துவிடுவது மேல். முடியாவிட்டால் வைத்த பிறகு சில வாரமாவது பொறுங்கள்.

5. நீர்மட்டம்: வளையத்துக்கு ஒரு குழாய்

ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பிவிசி குழாய், முழு நீளத்துக்கும் துளை, அதன் மேல் நைலான் காலுறை. காலுறை இல்லாவிட்டால் சில வாரத்தில் பீட் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும்.

அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். சென்டிமீட்டர் குறியிட்ட மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று போதும். ஒரு முனையை வாயில் வைத்து மெல்ல ஊதிக்கொண்டே மறுமுனையைக் குழாய்க்குள் இறக்குங்கள். தண்ணீரைத் தொட்டதும் குளுகுளுவென்று சத்தம் கேட்கும். அங்கே நிறுத்திப் படியுங்கள். 52 செமீ என்று வந்தது, குழாய் தரைக்கு மேல் 30 செமீ நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால், நீர்மட்டம் 22 செமீ ஆழத்தில் இருக்கிறது. தரைக்குக் கீழே என்றால் மைனஸ் போடுவது வழக்கம்: மைனஸ் 22.

அந்த 30 செமீயை ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும், ஏனென்றால் பீட் தரை மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கும். மழைக்குப் பிறகு உப்பும், வறண்டால் அமுங்கும். குழாய் அசையாமல் நிற்க, தரை மட்டும் நகர்ந்துவிடும். மேயில் அளந்த நீட்டத்தையே ஆகஸ்டிலும் கழித்தால் சில சென்டிமீட்டர் தவறும்.

குழாய் வளையத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் இருக்கும், இடையில் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். குழாய்த் தரைக்கும் வளையத்துப் பாசிக்கும் உயர வித்தியாசம் எடுக்க, நம் ஊர்க் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாயின் இரு முனைகளையும் இரண்டு இடங்களில் பிடித்துப் பாருங்கள். மேற்பார்வையாளரிடம் இதைக் காட்டியபோது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

தானியங்கி அழுத்த உணரி வைப்பதாக இருந்தால், காற்றழுத்தத்துக்கு இன்னொன்றைத் தண்ணீருக்கு வெளியே வைக்க மறந்துவிடாதீர்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறக்குறைய ஒரு செமீ தண்ணீருக்குச் சமம். ஒரு புயற்சின்னம் கடக்கும்போது காற்றழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் மாறினால், நீர்மட்டம் 20 செமீ மாறியதாக உணரி பொய் சொல்லும்.

6. செடி: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம்

வளையத்துக்கு நேர் மேலிருந்து ஒரு படம், வளைய எண் எழுதிய அட்டையோடு. பிறகு இனவாரியாக எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது, கோரையில் எத்தனை பச்சைத் தாள், பாசியின் தலை ஈரமா, வெளுத்ததா. இவ்வளவுதான். பாசியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்து "ஈரம்", "குளிர்ச்சி மட்டும்", "மொறுமொறுப்பு" என்று மூன்று சொல்லில் எழுதுவேன். நீர்மட்டக் குழாய் காட்டாத ஒன்றை இது காட்டுகிறது: தண்ணீர் ஆழத்தில் நின்றாலும் நேற்றிரவு தூறலில் பாசி நனைந்திருக்கலாம், அன்றைக்கு ஒளிச்சேர்க்கை நன்றாகவே இருக்கும்.

பச்சைத் தாளை மட்டும் எண்ணுவது போதாது, பழுத்த தாளையும் எண்ணுங்கள். காய்ந்த தாளும் மீத்தேனுக்கு வழியாக இருக்கக்கூடும்.

7. அளக்கும் நாள்

வளையத்தின் விளிம்பில் உள்ள பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் சேம்பரை, அதாவது வாயுவைப் பிடிக்கும் பெட்டியை, வைத்தால் காற்று கசியாது. தண்ணீர் வற்றியிருந்தால் கசியும், எனவே பாட்டிலில் தனியாக எடுத்துப் போங்கள்.

முதலில் ஒளி புகும் சேம்பர், முழு வெளிச்சத்தில் இரண்டு மூன்று நிமிடம். பிறகு கழற்றிக் காற்றாட விட்டு, வலைத்துணி ஒன்று போட்டுக் குறைந்த வெளிச்சத்தில். கடைசியில் கறுப்புத் துணியால் முழுக்க மூடி. முழு வெளிச்சத்தில் கிடைப்பது நிகரப் பரிமாற்றம், இருட்டில் கிடைப்பது சுவாசம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒளிச்சேர்க்கை. உள்ளே சிறு விசிறி ஓட வேண்டும், வெப்பமானி இருக்க வேண்டும். ஜூலை வெயிலில் சேம்பருக்குள் வெப்பம் மளமளவென ஏறும். ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏறினால் எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்குங்கள்.

மீத்தேனுக்கு நேரம் கூடுதலாக வேண்டும்: 0, 5, 10, 15, 20 நிமிடத்தில் மாதிரி. ஐந்து புள்ளியும் ஒரு கோட்டில் ஏறினால் நல்லது. நடுவில் ஒன்று மட்டும் குதித்தால் குமிழ் வந்திருக்கிறது. அதை அழித்துவிடாமல் "குமிழ்" என்று எழுதித் தனியாக வையுங்கள். காற்றழுத்தம் சட்டென்று விழும் நாளில் குமிழ்கள் கூடும்.

வாயு அளந்த அதே கால்மணி நேரத்தில் நீர்மட்டம், 5, 10, 20 செமீ ஆழத்தில் பீட் வெப்பநிலை, வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரே தாள், ஒரே வரிசை. எனக்கு முதல் கோடையில் இல்லாமல் போனது இதுதான்.

அப்புறம் உடம்பு. மே, ஜூனில் கறுப்பு ஈ, பிறகு கொசு, ஜூலையில் மான் ஈ. ஒட்டாவாப் பகுதியில் லைம் நோய் பரப்பும் உண்ணி உண்டு. வெளிர் நிறக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு வரை பாருங்கள். இடி கேட்டால் கருவியைப் போட்டுவிட்டு வெளியேறுங்கள். திறந்த சதுப்பில் அந்தச் சுற்றுவட்டத்திலேயே உயரமான பொருள் நீங்கள்தான்.

8. கணக்கு: உயரத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும்

வாயு ஏறும் வேகத்தைச் சேம்பரின் கன அளவால் பெருக்கி, பரப்பால் வகுத்து, காற்றின் மோலார் அடர்த்தியால் (ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மோல் என்ற எண்ணால்) பெருக்க வேண்டும். 60க்கு 60 செமீ வளையம், உள்ளே காற்றின் உயரம் 30 செமீ என்று வைப்போம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 41.6 மோல். கார்பன் டை ஆக்சைடு நொடிக்கு 0.3 பிபிஎம் இறங்கினால், நிகரப் பரிமாற்றம் சதுர மீட்டருக்கு நொடிக்கு மைனஸ் 3.7 மைக்ரோமோல். இருட்டில் 0.2 பிபிஎம் ஏறினால் சுவாசம் 2.5. ஆக ஒளிச்சேர்க்கை 6.2. மீத்தேன் 20 நிமிடத்தில் 2இலிருந்து 5.5 பிபிஎம்முக்கு ஏறினால், அது ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம்.

பிழை அந்த 30 செமீயில் வரும். வளையம் பாசிக்கு மேல் 5 செமீ நீட்டிக்கொண்டிருந்தால் உண்மையான உயரம் 35. எல்லாப் பாய்வும் (இப்படிக் கணக்கிட்ட வாயுப் பரிமாற்ற அளவுகள்) 17 சதவீதம் மாறிவிடும். வளையத்துக்குள் பாசி மேடுபள்ளமாக இருப்பதால் ஒன்பது இடத்திலாவது அளந்து சராசரி எடுங்கள், பருவத்தில் இரண்டு முறை.

குறியையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். இங்கே நான் போட்டிருப்பது வளிமண்டலத்தின் பார்வை: சதுப்பு உள்ளே இழுத்தால் மைனஸ். எதிர்த்திசையில் எழுதுபவர்களும் உண்டு. இரண்டு பேரின் தாள்கள் ஒன்றாகக் கலந்த பிறகு பிரிக்க முடியாது.

ஆண்டுக் கணக்குக்குப் போகும் ஆசை வரும். அப்போது மெர் ப்ளூவின் 1998 முதல் 2004 வரையிலான ஆறு ஆண்டுச் சராசரியை நினைவில் வையுங்கள். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு உள்ளே போன கார்பன் சுமார் 40 கிராம், மீத்தேனாக வெளியேறியது சுமார் 4, ஓடைநீரில் கரைந்து போனது சுமார் 15. மிஞ்சியது 21, 22 கிராம். ஆண்டுக்கு ஆண்டு உள்ள ஏற்றத்தாழ்வே கிட்டத்தட்ட அந்த 40 அளவுக்கு இருந்தது. ஒரே கோடையைச் சேம்பரில் அளந்துவிட்டு "இந்தச் சதுப்பு கார்பனைச் சேர்க்கிறது" என்றோ "இழக்கிறது" என்றோ எழுத முடியாது. எழுதக்கூடியது வேறு: எந்தச் செடி, எந்த நீர்மட்டத்தில், எவ்வளவு. மீத்தேனின் எடை சிறிதாகத் தெரிந்தாலும், 100 ஆண்டுக் கணக்கில் அது எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப்போலச் சுமார் 27 மடங்கு சூடேற்றும் என்பதால் அதைத் தனி வரியாகவே வையுங்கள்.

9. பருவம் முடியும்போது

வறட்சிக்குப் பிறகு செப்டம்பரில் மழை பெய்து நீர்மட்டம் ஏறியதும் வேலை முடிந்தது என்று மூட்டை கட்டாதீர்கள். மீத்தேன் உடனே திரும்பாது, அதை உருவாக்கும் நுண்ணுயிர்கள் மீள வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களின் தரவு மிக அரிது, அக்டோபர் நடுப்பகுதி வரை இருந்து எடுங்கள்.

உறைவதற்கு முன் அழுத்த உணரிகளை வெளியே எடுத்துவிடுங்கள், பனிக்கட்டி அவற்றை உடைத்துவிடும். வளையங்களை அடுத்த ஆண்டுக்கு விட்டுவைப்பதாக இருந்தால் அனுமதியில் அந்தத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள வண்ணக் கழி நடுங்கள். ஏப்ரலில் பனி உருகும் சமயம் நீங்கள் முதலில் தேடப்போவது அந்தக் கழியைத்தான்.